மாமா அனுப்பிய இரண்டு சென்சர், 14 வயது மகள், இரவு 2 மணி அலாரம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பாலத்தடி அம்மா (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இதை விளங்கிக் கதைக்க ஆள் இல்லை.

மகளுக்கு 14 வயது. இரண்டு வருசத்துக்கு முதல் வாந்தியும் மூச்சு வாங்கலுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம், வயிற்றுக்குள் ஏதோ கிருமி என்றுதான் நினைத்தோம், அது கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) கூடி ஐசியு வரை போய் முடிந்தது. டைப் 1 நீரிழிவு என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து காலையும் பின்னேரமும் மிக்ஸ்டார்ட் 30 என்ற இன்சுலின் ஊசி. இன்சுலின் கிளினிக்கில் தருகிறார்கள், விரலில் குத்திச் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் நாங்கள் வாங்குவது. கையில் காசு ஓடும் மாதம் ஒரு நாளைக்கு மூன்று தரம் குத்திப் பார்ப்போம், ஓடாத மாதம் ஒரு தரம்.

கட்டாரில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு லிப்ரே 2 சென்சர் கொடுத்து அனுப்பினான், கையில் ஒட்டினால் 14 நாளைக்குச் சீனியைப் போனில் காட்டும் சாமான். வீடியோ கோலில் வந்து அவனே மகளின் போனில் ஆப்பையும் போட்டு, என் போனிலும் அவளுடைய நம்பர் தெரியும்படி செய்து தந்தான். இன்றைக்கு நான்காம் நாள். வீட்டில் நிம்மதி போய்விட்டது.

நேற்று முந்தநாள் இரவு 2 மணிக்கு போன் கத்துகிறது, சீனி 54க்கு இறங்கிவிட்டது என்று. பிள்ளையை உலுக்கி எழுப்பி, சீனித் தண்ணி கரைத்து வைத்துக்கொண்டு விரலில் குத்தினால் 112! இன்னொரு நாள் நெட்போல் விளையாடிவிட்டு வந்தவளுக்கு சென்சரில் 210, விரலில் 168. எதை நம்புவது? இது ஒரு பக்கம். மற்றப் பக்கம் மகள். ரியூஷனில் இருக்கும்போது 240 என்று பார்த்தேன், என்ன தின்றாய் என்று போன் எடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து இரண்டு நாளாக என்னோடு கதையில்லை. கையைச் சால்வையால் மூடிக்கொண்டு திரிகிறாள்.

இரண்டே இரண்டு சென்சர்தான் இருக்கிறது. மூன்றாவது வாங்க எங்களால் ஏலாது. இதை எப்படிப் பாவித்தால் பிரயோசனம்?

செங்கலடி சேர்

தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. இந்தக் காசுக்கு ஸ்ட்ரிப் வாங்கி அனுப்பியிருந்தால் பிள்ளைக்கு எத்தனை மாதம் போயிருக்கும் என்று உங்கள் தம்பி யோசித்தாரா? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பிவிட்டால் மனம் ஆறிவிடும், இங்கே இருக்கிறவர்கள்தான் அதோடு மாரடிக்க வேண்டும். என் அண்ணன் மகன் சென்சர் இல்லாமல்தான் கம்பசும் முடித்தான், வேலையும் எடுத்தான்.

மருதமுனை வாப்பா

சேர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்கு வைத்த காசில் சென்சர் வாங்கவே கூடாது. ஆனால் வந்ததைத் திருப்பி அனுப்பவா முடியும்?

என் மகனுக்கு 9 வயது. வருசத்துக்கு இரண்டு சென்சர், சில வருசம் மூன்று, அவ்வளவுதான் எங்களுக்கும். அக்கா, முதல் தடவை நானும் உங்களைப் போலத்தான் ஆடினேன். 190 என்றால் ஓடுவது, 90 என்றால் பிஸ்கட். மிக்ஸ்டார்ட்டில் இருக்கும் பிள்ளைக்கு அப்படி நடுவில் ஒன்றும் செய்ய ஏலாது, ஊசி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, அதில் 30 வீதம் உடனே வேலை செய்வது, மிச்ச 70 வீதமும் மெதுவாக வேலை செய்வது, இரண்டையும் பிரித்து எடுக்க முடியுமா? மறுகா எங்கள் டொக்டர் ஒன்று சொன்னார்: 14 நாளில் 70 வீத நேரத்துக்குத் தரவு இருந்தால் அந்தப் பிள்ளையின் மூன்று மாதப் போக்கையே ஓரளவு சொல்லிவிடலாம், நீங்கள் ஒவ்வொரு நம்பருக்கும் பின்னால் ஓட வேண்டாம், எழுதிக்கொண்டு வாருங்கள் என்று.

அதனால் ஒரு கொப்பி எடுங்கள். எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்போது விளையாட்டு. சென்சர் கோட்டைக் கீறித் தரும், அந்தக் கோடு ஏன் ஏறியது என்று அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் புட்டும் வாழைப்பழமும் தின்ற காலை 300 தொட்டது. அதே அளவு புட்டை மீன் குழம்போடு, பழம் இல்லாமல், ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துச் சாப்பிட்டபோது 200ஐத் தாண்டவில்லை. விரலில் குத்திப் பார்த்த காலத்தில் இது தெரியவே இல்லை, நாங்கள் குத்துவது சாப்பாட்டுக்கு முதல்தானே, மலை ஏறி இறங்கி முடிந்த பிறகு அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஓய்வு மிஸ் (களுவாஞ்சிகுடி)

நான் 30 வருசம் நேர்ஸாக இருந்துவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளுக்கு நேர்ஸ். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சென்சர் பார்ப்பது இரத்தத்தை அல்ல மகள். தோலுக்குக் கீழே செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரைப் பார்க்கிறது. இரத்தத்தில் சீனி மாறி, அந்த நீரில் அது தெரிய 5 முதல் 15 நிமிசம் வரை பிந்தும். மழைக்கு வாவியின் முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்டால் உள்ளே வலையிறவில் தண்ணீர் உடனே வடிகிறதா? பிந்தித்தானே வடியும். அதே கதைதான். நெட்போல் விளையாடிவிட்டு வந்தபோது பிள்ளைக்கு சீனி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விரல் 168க்கு வந்துவிட்டது, சென்சர் இன்னும் மேலே நிற்கிறது. அந்த நேரம் நம்பரின் பக்கத்தில் அம்புக்குறி கீழே பார்த்துக்கொண்டு இருந்திருக்குமே, கவனித்தீர்களா? நேராகக் கீழே என்றால் நிமிசத்துக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இறங்குகிறது, அதாவது கால் மணித்தியாலத்தில் 30க்கு மேல். சரிவாக இருந்தால் நிமிசத்துக்கு 1 முதல் 2. நம்பரை விட அம்புக்குறி முக்கியம்.

இரவுக் கதைக்கு ஒரு கேள்வி: பிள்ளை எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறாள்? சென்சர் ஒட்டிய கையின் மேலேயே படுத்தால் அந்த இடம் அழுத்துப்பட்டு நம்பர் பொய்யாக இறங்கும். திரும்பிப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக ஏறிவிடும். அதனால் இரவில் லோ, அதாவது சீனி குறைவு என்று காட்டினால் முதலில் விரலில் குத்துங்கள், நீங்கள் செய்தது சரி. ஆனால் ஒரு தரம் பொய்யானது என்பதற்காக அலாரத்தை நிறுத்திவிடாதீர்கள். மயங்குகிற மாதிரி, பேச்சுக் குழறுகிற மாதிரி இருந்தால் குத்திக்கொண்டும் நிற்க வேண்டாம், விழுங்க முடிந்தால் சீனியை முதலில் கொடுங்கள்.

பாலத்தடி அம்மா

மிஸ், இடது கையில்தான் ஒட்டினோம், இடது பக்கம்தான் சரிந்து படுப்பாள்! சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். இன்றைக்கு முதுகுக்குத் தலையணை வைத்துப் பார்க்கிறேன்.

பொத்துவில் 19

அக்கா, எனக்கு 19 வயது, 8 வயதிலிருந்து டைப் 1. சீசனுக்கு அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரருக்கு சேர்ஃபிங் பழக்குகிறேன். உங்கள் மகள் பக்கத்திலிருந்து கொஞ்சம் கதைக்கலாமா?

240 என்று பார்த்தவுடன் "என்ன தின்றாய்" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த ஒரு கேள்வியைப் பதினொரு வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றுமே தின்னாமலும் ஏறும் அக்கா. சோதனை என்றால் ஏறும். காய்ச்சல் வர முதல் நாள் ஏறும். பருவ வயதில் வளர்ச்சி ஹோர்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது, 13, 14 வயதில் என் டோஸ் கிடுகிடு என்று கூடியது, வீட்டில் எல்லோரும் நான் ஒளித்து வைத்துத் தின்கிறேன் என்றே நினைத்தார்கள். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வர முந்தின நாட்களில் ஏறுவது இன்னும் ஒன்று. அப்போது சென்சர் இல்லை, ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் திட்டு. சென்சரும் அம்மாவின் போனில் தெரிவதும் இருந்திருந்தால் நான் அதைப் பிடுங்கி வாவிக்குள் எறிந்திருப்பேன்.

பிறகு சென்சர் வந்தபோது என் உம்மா கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். 70க்குக் கீழே போனால் மட்டும் கோல். மேலே போனால் இரவு சாப்பிட்டு முடிந்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்திருந்து, ஒரு தரம் மட்டும் பார்ப்பது. இதைச் செய்து பாருங்கள்.

ஒட்டுவதைப் பற்றியும்: நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் பத்தாம் நாள் ஓரம் கிளம்பும். சுற்றிவரப் பிளாஸ்டர் ஒட்டலாம், நடுவில் இருக்கும் சின்னத் துளையை மூட வேண்டாம். ஒரு மீற்றர் ஆழம், அரை மணித்தியாலம் வரை தண்ணிக்குத் தாங்கும். கிணற்றடியில் குளிக்க ஒரு பயமும் இல்லை. தண்ணிக்குள் இருக்கும்போது போனுக்கு சிக்னல் வராது, அலாரத்தை நம்பிக் கடலுக்குள் இறங்கக் கூடாது. தோல் சிவந்து கொப்பளித்தால் அது பசைக்கு வரும் ஒவ்வாமை, பழைய சென்சர்களின் பசையில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற ஒரு சாமான் இருந்தது, அது எனக்கு ஒத்துவரவில்லை, இப்போது வருவதில் பிரச்சினை குறைவு.

நாட்டுமருந்து பிரியன்

இவ்வளவு செலவு எதற்கு? தினமும் வெறும் வயிற்றில் குறிஞ்சா இலைச் சாறு. ஒரு மண்டலத்தில் ஊசியை நிறுத்தலாம். என் மாமனாருக்கு நின்றது.

ஓய்வு மிஸ் (களுவாஞ்சிகுடி)

தம்பி, உங்கள் மாமனாருக்கு இருப்பது வேறு வருத்தம். வயதானவர்களுக்கு வரும் டைப் 2இல் உடம்பில் இன்சுலின் கொஞ்சமாவது சுரக்கும். இந்தப் பிள்ளைக்குச் சுரக்கும் செல்களே அழிந்துவிட்டன. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில், சிலவேளை ஒரே நாளில் கீட்டோன் கூடி உயிர் போகும். குறிஞ்சா வறையைச் சோற்றோடு சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன், நல்ல கறி. ஊசியை நிறுத்து என்று இந்த இழையில் இன்னொரு தரம் எழுத வேண்டாம்.

இதைச் சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சென்சர் கீட்டோனைக் காட்டாது. 250க்கு மேல் நின்று இறங்காமல், வாந்தியும் வயிற்றுவலியும் இருந்தால் சலத்தில் கீட்டோன் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு விடுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய பிழை. அப்புறம் காய்ச்சல் தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கிற 1000 மில்லிகிராம் விட்டமின் சி குளிசை, சென்சர் ஒட்டியிருக்கும் நாட்களில் அது வேண்டாம். லிப்ரேயில் நம்பரைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

சாய்ந்தமருது ராத்தா

சென்சர் வீண் என்று சொல்பவர்களுக்கு எங்கள் வீட்டு நோன்பைச் சொல்கிறேன். நோயாளிக்கு நோன்பை விட அனுமதி குர்ஆனிலேயே இருக்கிறது, ஆனால் 16 வயதுப் பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், கூட்டாளிமார் எல்லோரும் பிடிக்கும்போது இவன் மட்டும் பகலில் சாப்பிட மாட்டானாம். றமழானுக்கு முதலே டொக்டரிடம் கூட்டிப்போனோம். ஊசி முறையை மாற்றித் தந்து, 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் அந்த இடத்திலேயே நோன்பைத் திறக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை என்று அவனிடமே சத்தியம் வாங்கினார். முதல் கிழமை சென்சரோடுதான் பிடித்தான். மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு 84, அம்பு சரிவாகக் கீழே. 70 வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்காமல் அவனே எழும்பி வந்து பேரீச்சம்பழம் கேட்டான். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா? சத்தியமாக மாட்டான். நம்பர் சொன்னது, கேட்டான்.

பாலத்தடி அம்மா

மிஸ், தலையணை வைத்ததும் இரண்டு இரவு அலாரமே இல்லை. சரி, பொய் அலாரம்தான் என்று நிம்மதியாக இருந்தேன். நேற்று இரவு 1.50க்குத் திரும்பவும் கத்தியது, 61. வலது பக்கம் சரிந்துதான் படுத்திருந்தாள், கையில் ஒரு அழுத்தமும் இல்லை. விரலில் குத்தினேன், 57. உடுப்பு வியர்வையில் நனைந்திருந்தது. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் மா கரைத்துக் கொடுத்தேன். பத்து நிமிசம் கழித்தும் சென்சர் 58தான் என்கிறது, கை நடுங்க இன்னும் இரண்டு கரண்டி கரைக்கப் போனவள், முகத்துவாரத்துக் கதை ஞாபகம் வந்து நிறுத்தினேன். கால் மணித்தியாலத்தில் விரலில் குத்தினால் 88! பிந்தித்தான் சென்சரும் ஏறியது. ஒரு மாரி பிஸ்கட் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

பழைய கோடுகளைத் தட்டிப் பார்த்தால், அலாரம் அடிக்காத இரவுகளிலும் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் கோடு 75, 80 என்று பள்ளத்தில்தான் ஓடுகிறது. காலையில் எழும்பும்போது 110, 120. இரண்டு வருசமாக அந்தக் காலை நம்பரைப் பார்த்துத்தான் எல்லாம் வடிவாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டோம். இடைக்கிடை தலைவலி, கெட்ட கனவு என்று சொல்வாள், பேய்ப்படம் பார்க்காதே என்று ஏசியிருக்கிறேன். எத்தனை இரவு இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஓய்வு மிஸ் (களுவாஞ்சிகுடி)

அழ வேண்டாம் மகள். பின்னேர மிக்ஸ்டார்ட் எத்தனை மணிக்கு? 6, 6.30 ஆக இருக்கும். அதில் இருக்கும் மெதுவான இன்சுலின் 4 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போகும், அந்த உச்சம் நடுச்சாமத்தில் விழுகிறது, நெட்போல் விளையாடிய நாள் என்றால் இன்னும் கீழே இழுக்கும். நீங்களாக டோஸைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டாம். ஒவ்வொரு நாளின் கோட்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கொமினிகேஷன் கடையில் கொடுத்துக் கடதாசியில் அடித்து, கொப்பியோடு நாளைக்கே போங்கள். போனை நீட்டினால் டொக்டருக்குப் பார்க்க நேரம் இராது. கடதாசியை மேசையில் வைத்தால் பார்ப்பார்.

செங்கலடி சேர்

நான் முதலில் எழுதியதை அழிக்கவில்லை, காசு விசயத்தில் இன்னும் அதே எண்ணம்தான். ஆனால் இரவு 2 மணிக்கு யாரும் தினமும் குத்திப் பார்ப்பதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வாத்தியாராக ஒன்று சொல்லலாம். பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், அதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு இதே சென்சர் இருந்தது, அது 8 மணித்தியாலத் தரவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். காலை 7 மணிக்கு ஒரு தரம் போனைக் கையில் காட்டிவிட்டுப் போய், 2 மணிக்கு வந்து காட்டினால் பள்ளிக்கூட நேரக் கோடு முழுவதும் வந்துவிடும். பள்ளியில் அலாரம் அடிக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வகுப்பாசிரியருக்கும் பீ.ரீ. சேருக்கும் சொல்லி வையுங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், 10 மணி இடைவேளைச் சாப்பாட்டை எந்த ரீச்சரும் தண்டனையாகப் பிந்த விடக் கூடாது. இதை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதை நாங்கள் மறந்துவிடுவோம், எங்கள் வர்க்கத்தை எனக்குத் தெரியும்.

பாலத்தடி அம்மா

போய் வந்தோம். மிஸ் சொன்னது போலவே கடதாசியில் கொண்டுபோனேன். டொக்டர் பத்து நிமிசத்துக்கு மேல் பார்த்தார். காலை மிக்ஸ்டார்ட் அப்படியே. பின்னேர ஊசியை இரண்டாகப் பிரித்துவிட்டார்: உடனே வேலை செய்வது இரவுச் சாப்பாட்டுக்கு முதல், மெதுவானது படுக்கப் போகும்போது. ஒரு ஊசி கூடிவிட்டது. மகள் முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன், "இனிக் கெட்ட கனவு வராதா" என்று மட்டும் கேட்டாள். 70க்கும் 180க்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள், 70 வீதத்துக்கு மேல் வந்தால் நல்லது, இப்போது 48, அவசரப்படத் தேவையில்லை என்றார். 70க்குக் கீழே 4 வீதத்துக்குள் வர வேண்டுமாம், அதுதான் முதல் வேலை.

அந்தப் பிள்ளை

அம்மாவின் கணக்கில் எல்லாம் வாசித்துவிட்டேன். அந்தப் பிள்ளை நான்தான்.

நான் சால்வையால் மூடியது வெட்கத்தில் இல்லை. ரியூஷனில் ஒருத்தி இதென்ன பொத்தானா என்று அமத்திப் பார்த்தாள், அதனால்தான். ஒரு நாளைக்கு 1440 நிமிசம், ஒவ்வொரு நிமிசமும் யாரோ எனக்கு மார்க்ஸ் போட்டு அம்மாவுக்கு அனுப்புவது போல இருக்கிறது. கணக்கில் 48 எடுத்தால் யாரும் 2 மணிக்கு எழுப்ப மாட்டார்கள்.

அன்றைக்கு 240 ஆனது, ரியூஷனுக்கு முதல் தயிரும் பாணியும் சாப்பிட்டேன். ஓம் சாப்பிட்டேன். பிறந்தநாள்காரி தந்தாள். அம்மா கேட்ட விதத்தில் சொல்லத் தோன்றவில்லை.

பொத்துவில் அண்ணா சொன்ன உடன்பாடு எனக்குச் சரி. இன்னும் ஒன்று, 70க்குக் கீழே போனாலும் முதல் பத்து நிமிசம் எனக்கு வேண்டும், நானே குளுக்கோஸ் சாப்பிட்டுவிட்டு மெசேஜ் போடுவேன். போடாவிட்டால் கோல் எடுக்கலாம்.

பொத்துவில் 19

பத்து நிமிசம் அதிகம், ஐந்து கேள் தங்கச்சி. லோ ஆகும்போது மூளைக்கும் சீனி போகாது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே தோன்றும், எனக்கு நடந்திருக்கிறது. அமத்திப் பார்க்கிறவளிடம் ஒரு தரம் நீயே காட்டிவிடு, போனை வைத்து ஸ்கான் பண்ணவும் விடு. அதற்குப் பிறகு அவளுக்கு அலுத்துவிடும்.

அந்தப் பிள்ளை

சரி ஐந்து.

மருதமுனை வாப்பா

இரண்டாவது சென்சரை இது முடிந்தவுடன் ஒட்டிவிடாதீர்கள் அக்கா. புது ஊசி முறை ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஓடட்டும், இடையில் விரலில் குத்துங்கள், கிளினிக்குக்கு இரண்டு கிழமைக்கு முதல் ஒட்டினால் அடுத்த தரமும் கடதாசி கையில் இருக்கும். பெட்டியில் காலாவதித் திகதி பாருங்கள். எந்த வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்றும் பெட்டியிலேயே போட்டிருக்கும், தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் வைக்க வேண்டாம். வேறு நாட்டுச் சென்சர் சில நேரம் இன்னொரு நாட்டு ஆப்போடு சேராது, அதனால் தம்பி இனி அனுப்புவதானால் அதே நாட்டில்தான் வாங்க வேண்டும், ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவும் வேண்டாம்.

பாலத்தடி அம்மா

திங்கட்கிழமை காலை முதல் சென்சர் முடிகிறது. ஊசி மாற்றிய பிறகு நான்கு இரவு போய்விட்டது, 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் 95க்குக் கீழே இறங்கவில்லை. சீனித் தண்ணிக் கோப்பை இன்னும் கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது, எறும்பு வருகிறது என்று மகள் ஏசுகிறாள்.

செவ்வாய் இரவுக்கு 2 மணி அலாரம் வைத்திருக்கிறேன், விரலில் குத்திப் பார்க்க. அம்மம்மாவின் பழைய மேசை மணிக்கூட்டில்தான் வைத்தேன். மகளுக்கு நித்திரை முறியாமல் இருக்க அதைத் துணியால் சுற்றினால் எனக்கே கேட்குமோ தெரியாது.